நானூற்றுப் பன்னிரண்டாம் வரி

கடலூர் முதுநகரில் நான் வாடகைக்கு இருக்கும் வீட்டின்
மொட்டைமாடியில்
பதினொரு கம்பிகள் நிற்கின்றன.
மேலே ஒரு தளம் எடுக்கலாம் என்று
வீட்டுக்காரர் தணிகாசலம் விட்டுவைத்தவை.
ஒன்றின் தலையில் பிளாஸ்டிக் பாட்டில்.
மற்றவற்றை உப்புக்காற்று
செதில் செதிலாகத் தின்றுகொண்டிருக்கிறது.

இரவு ஒன்றரை.
கம்பிகளுக்கு நடுவே நாற்காலி போட்டு
மடிக்கணினியைத் திறக்கிறேன்.

பிரச்சினை சின்னது.
துறைமுகத்தில் ஐஸ் டோக்கன் போடும் எங்கள் மென்பொருள்
ஏழு கன்டெய்னர்களில் ஓடுகிறது.
அவற்றை மேய்க்க நாங்கள் வைத்திருக்கும் பிளகின்
ஐந்தைத்தான் காட்டுகிறது.
ரூட் அனுமதி இல்லாமல் ஓடும் இரண்டு
அதன் கண்ணில் படுவதில்லை.
படகு கடலில் இருக்கிறது,
பதிவேட்டில் இல்லை,
அப்படி.

யாரோ இலவசமாக எழுதிக் கொடுத்தது.
யாரோ என்றால் ஹென்ரிக்.
எந்த ஊர் என்று தெரியாது.
கமிட் நேரங்களை வைத்துப் பார்த்தால்
எங்களுக்கு விடியும்போதுதான் படுக்கப் போகிறவர்.
பத்து மாதமாக ஒரு வரியும் இல்லை.
நாங்கள் கேட்ட கேள்விக்குக் கீழே
பதினேழு பேர் கட்டைவிரலை உயர்த்திவிட்டுப்
போயிருக்கிறார்கள்.

"ஃபோர்க் பண்ணிடலாம்டி"
என்கிறாள் பெர்னதெத்,
புதுச்சேரி முத்தியால்பேட்டையிலிருந்து,
ஸ்பீக்கரில், எதையோ மென்றுகொண்டே.
"எத்தனை நாள் அவர் வாசல்ல நிக்கறது?
தனிக்குடித்தனம் போயிட்டா
நம்ம இஷ்டத்துக்குச் சமைக்கலாம்."

தனிக்குடித்தனம் போய்ப் பார்த்தவள் நான்.
சமையல் நம் இஷ்டம்தான்.
பாதிச் சோற்றில் கேஸ் தீர்ந்தால்
அதுவும் நம் இஷ்டம்தான்.
நாளைக்கே ஹென்ரிக் எழுந்து வந்து
ஒரு பாதுகாப்பு ஓட்டையை அடைத்தால்
அந்தச் சிமென்ட் நம் சுவருக்கு வராது.
இருபத்து மூவாயிரம் வரி.
இரண்டே பேர்.
ஒருத்திக்கு இது ஆறாவது மாதம்.

பெண்ணையிலிருந்து பிரிந்த கிளைக்கு
மலட்டாறு என்று பெயர் வைத்தவன்
எந்தக் கோபத்தில் வைத்தானோ.
போன கார்த்திகையில்
அதிலும்தான் பாலத்தைத் தொட்டுக்கொண்டு
வெள்ளம் போனது.

சரி, ஒட்டி எழுதலாம் என்றால்
அவர் இடம் விட்டிருக்க வேண்டுமே.
கோப்பு கோப்பாகத் தட்டிப் பார்க்கிறேன்.
எல்லாம் பூசி முடித்த சுவர்.
மூன்று மணிக்கு மேல்
நானூற்றுப் பன்னிரண்டாம் வரியில் ஒரு குறிப்பு:
"இப்போதைக்கு ஒரு எஞ்சின்தான்.
வேறு யாராவது வரக்கூடும், திறந்து விடுகிறேன்."
கீழே ஒரு வெற்று ஃபங்ஷன்.
எதையும் வாங்காது, எதையும் தராது.
ஆறு வருடம் பழையது.

நாற்பத்தொரு வரி எழுதி அதில் கட்டினேன்.
பட்டியல் ஒருமுறை இமைத்தது.
ஆறு.
ஏழாவது வரவில்லை.
"ஆறு வந்திருச்சு" என்றேன்.
"ஏழுதானே கேட்டோம்" என்றாள்.
மெல்லும் சத்தம் நின்றிருந்தது.

இந்த நாற்பத்தொன்றை அவருக்கு அனுப்புவோம் முதலில்,
மிச்சத்தைப் பிறகு பார்ப்போம் என்று போனால்
அனுப்புவதற்கும் ஒரு நகல் எடுக்க வேண்டும்.
அவர் வீட்டுச் சுவரில் ஆணி அடிப்பதற்கும்
முதலில் தனி வீடு பார்க்க வேண்டும்.
அந்தப் பொத்தானின் பெயரும்
ஃபோர்க்.
பெர்னதெத் சிரித்த சிரிப்பில்
பக்கத்து வீட்டு நாய் எழுந்துகொண்டது.

அழுத்தினேன்.
போவதற்கா வருவதற்கா என்று
அது கேட்கவில்லை.

ஹென்ரிக்குக்கு ஆறு வாக்கியம் எழுதி
நான்கை அழித்தேன்.
மிஞ்சியது:
"நானூற்றுப் பன்னிரண்டாம் வரியைப் பார்த்து வந்திருக்கிறோம்.
இரண்டு பேர்."

துறைமுகத்தில் முதல் ஐஸ் லாரி
பின்னால் போகும் சத்தம்.
கம்பியின் தலையில் பாட்டில் லேசாக ஆடுகிறது.
டோக்கன்கள் விழத் தொடங்கிவிட்டன.
ஏழாவது
இன்னும் தெரியாமலே
ஓடிக்கொண்டிருக்கிறது.